இலையில் தங்கும் நஞ்சும் கூடு கட்டாத புழுவும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மல்பெரி இலையைச் சுருட்டித் தின்னும் புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதான்; நாம் அதே இலையைப் போட்டுத் தட்டில் வைத்து வளர்க்கும் பட்டுப்புழுவும் அந்துப்பூச்சியின் பிள்ளைதான். ஒன்றுக்கு அடித்த பூச்சிமருந்து மற்றொன்றை விட்டுவைப்பதில்லை. வயலில் திரியும் பூச்சியினங்கள் தலைமுறை தலைமுறையாக மருந்துக்கு ஈடுகொடுக்கப் பழகிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் கையிலேயே வளர்ந்துவரும் பட்டுப்புழுவுக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை. போட்ட இலையைத் தின்பதன்றி அதற்கு வேறு வழியும் கிடையாது.

நஞ்சின் அளவு மிகுதியாக இருந்தால் அது உடனே தெரிந்துவிடும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால், புழு தலையைத் தூக்கி இருபுறமும் ஆட்டும், குடல்நீரைக் கக்கும், உடல் சுருங்கி, வலிப்புக் கண்டு விழும். இழப்புதான் என்றாலும் காரணம் கண்முன் கிடக்கிறது.

என் கவலையெல்லாம் கொல்லாத அளவைப் பற்றியது. புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. ஆகவே இலையில் சிறிதளவே தங்கியிருக்கும் மருந்தும் பட்டுச்சுரப்பி வளரும் நாட்களில்தான் பெருமளவில் உள்ளே போகிறது. பைரிபுராக்சிபென், பெனாக்சிகார்ப் போன்ற மருந்துகள் பூச்சியைப் புழுப் பருவத்திலேயே நிறுத்திவைக்கும் இளமை ஹார்மோனைப் போலவே செயல்படுபவை. உடலில் அந்த ஹார்மோன் குறைந்த பிறகே புழு நூல் விடத் தொடங்கும். குறைய வேண்டிய நேரத்தில் இலைவழியே அதன் போலி வந்துகொண்டிருந்தால், புழு நலமாக, பருமனாக, பளபளப்பாகத் தின்றுகொண்டே இருக்கும். முதிர்ந்த புழுவுக்குரிய கண்ணாடித் தன்மை உடலில் வராது, கூடும் கட்டாது. இலையும் உழைப்பும் முழுதாகச் செலவான பிறகுதான் வளர்ப்பவருக்குச் செய்தி தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே வகையைச் சேர்ந்த மெத்தோப்ரினை, அளந்து, உரிய நாளில் கொடுத்துக் கூட்டின் எடையைக் கூட்டும் முறையும் பட்டு வளர்ப்பில் உண்டு.

உயிரியல் மருந்து என்றால் அச்சமில்லை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படி மருந்தாக அடிக்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியத்தை 1901இல் ஜப்பானில் இஷிவாதா என்னும் ஆய்வாளர் முதன்முதலில் கண்டறிந்ததே நோயுற்று மடிந்த பட்டுப்புழுக்களில்தான்.

இலையைக் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். மேலே படிந்ததில் ஒரு பகுதி போகும். இமிடாக்ளோபிரிட் போலச் செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது. மருந்து அடித்த பின் இலை பறிக்காமல் விட வேண்டிய காத்திருப்பு நாட்கள் கழிந்ததும், சில புழுக்களுக்கு மட்டும் அந்த இலையை ஓரிரு நாள் கொடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அச்சோதனை நரம்பு நஞ்சு போல விரைந்து தாக்கும் மருந்தைத்தான் காட்டும். ஹார்மோன் வகை மருந்தைக் காட்டாது. அதற்குப் பக்கத்து வயல்காரர் எதை, எந்த நாளில், எந்தக் காற்றில் அடித்தார் என்பதை இலை பறிக்கும் முன்பே கேட்டறிந்தாக வேண்டும்.