பெயர் கிடைக்காத கற்றல் சிரமம்

அன்பான பெற்றோர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

நன்றாகப் பேசும், தடங்கல் இல்லாமல் வாசிக்கும், கேட்டதை மறக்காத ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்ட வராது. கூட்டல் கணக்கில் பத்தாம் இடத்து எண்ணை ஒன்றாம் இடத்துக்குக் கீழே எழுதிவிடும். வரைபடமும் வடிவியலும் வந்ததும் திணறும். ஆய்வகத்துக்குப் போனால் வகுப்புக்குத் திரும்ப வழி தடுமாறும். "இவ்வளவு வாய் பேசுறே, இது மட்டும் வராதா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே அது வளர்கிறது.

இதை ஆய்வாளர்கள் சொல்சாராக் கற்றல் குறைபாடு என்கிறார்கள். மொழி வழியே வருவதெல்லாம் சுலபம்; இடம், வடிவம், திசை, தூரம் இவற்றைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் கடினம். ஜான்சன், மைக்கல்பஸ்ட் என்ற இருவர் 1967-லேயே இதை எழுதினார்கள். கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகத்தில் இருந்த பைரன் ரூர்க் 1989-ல் இதற்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடான டி.எஸ்.எம்.-ல், 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் சரி, 2022-ன் திருத்தத்திலும் சரி, இதற்கு இடமில்லை.

ஏன் இல்லை? முதல் காரணம் பள்ளிக்கூடம்தான். எந்தப் பள்ளியும் முதலில் பார்ப்பது பிள்ளை வாசிக்கிறதா என்பதை. வாசிப்பு வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்த டிஸ்லெக்சியாவே எவ்வளவு காலம் காத்திருந்தது பாருங்கள். பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அறிவுள்ள ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு வாசிப்பு மட்டும் வரவில்லை என்று 1896-ல் மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவன் ஆசிரியர் சொன்னதையும் பதிவுசெய்தார். டி.எஸ்.எம். வாசிப்புக் குறைபாட்டுக்குத் தனித் தலைப்பு கொடுத்தது 1980-ன் மூன்றாம் பதிப்பில். நம் நாட்டின் 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற ஏழு குறைபாடுகளில் கற்றல் குறைபாடு கிடையாது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991-லேயே தொடங்கிவிட்டது. சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெற 2016-ன் புதுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த சிரமத்துக்கே இந்தக் கதி என்றால், சரளமாக வாசிக்கும் பிள்ளையின் சிரமத்தை யார் கவனிப்பார்கள்?

இரண்டாவது, ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. கணக்கு வராததை ஒருவர் மையமாக வைத்தார்; பழகுவதில் வரும் தடுமாற்றத்தை இன்னொருவர் வைத்தார். ஆட்டிசம், கவனக்குறைவு இவற்றோடு எல்லைகளும் கலந்துகிடந்தன. கையேட்டுக்காரர்களின் தயக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். எல்லை தெளியாமல் பெயர் வைத்தால் தவறான பிள்ளைக்குத் தவறான முத்திரை விழும். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை உண்டு. கையேட்டில் இல்லாததை ஆய்வு செய்யப் பணம் கிடைப்பது கடினம். ஆய்வு இல்லாவிட்டால் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் கையேட்டில் இடம் இல்லை. இந்தச் சுழலில்தான் தலைமுறைகள் போய்விட்டன.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்போது சுழலை உடைக்கப் பார்க்கிறார்கள். பார்வை-இட உணர்வுச் சிரமம் ஒன்றையே மையமாக வைத்து, அதற்கேற்பப் பெயரையும் மாற்றி முன்மொழிகிறார்கள். வட அமெரிக்கச் சிறுவர், வளரிளம் பருவத்தினரில் 3 முதல் 4 விழுக்காட்டினருக்கு இது இருக்கலாம் என்று 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இது சின்ன எண்ணிக்கை இல்லை.

நம் 2016 சட்டத்துக்கே திரும்ப வருவோம். அது குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை, பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாள்வதில் வரும் குறை என்று வரையறுக்கிறது. அமெரிக்காவின் 1975 கல்விச் சட்டமும் மொழியை வைத்தேதான் வரையறுத்தது. நம் சட்டத்தின் பட்டியலில் புலனுணர்வுக் குறைபாடு என்ற சொல்லும் இருக்கிறது, உண்மை. ஆனால் வாசலில் மொழி நிற்கிறது. மொழியில் குறையே இல்லாத பிள்ளை உள்ளே போவது எப்படி? கணக்கு மிக மோசமாக இருந்தால் டிஸ்கால்குலியா என்று சான்றிதழ் வாங்க ஒரு வழி உண்டு. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிவிடும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், ஐக்யூ பரிசோதனை. மொழிப் பகுதியில் 125, வடிவங்களைப் பார்த்துச் சேர்ப்பது போன்ற செயல் பகுதியில் 85 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 105. "நார்மல்தான், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இருக்கிற ஒரே தடயம் அந்த 40 புள்ளி இடைவெளி. சராசரி அதை விழுங்கிவிடுகிறது. ஆகவே பெற்றோர்களே, அறிக்கையில் ஒற்றை எண்ணோடு திருப்தி அடையாதீர்கள். ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும், பிள்ளைக்கு எது கடினம் என்பதையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நோயின் பெயர் போட முடியாவிட்டாலும் இதை எழுத உளவியலாளருக்குத் தடை எதுவும் இல்லை.

ஆசிரியர்களே, கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள். வரைபடத்தில் இருப்பதை வாயாலும் சொல்லுங்கள்: ஆறு மேற்கே தொடங்கி கிழக்கே போகிறது, இடது கரையில் ஊர் இருக்கிறது என்று. கரும்பலகைப் படத்தைப் பார்த்து வரையச் சொல்வதற்குப் பதில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். புது வகுப்பு தொடங்கும் வாரத்தில் கழிப்பறை, நூலகம், ஆய்வகம் எல்லாவற்றுக்கும் ஒருமுறை கூடவே நடந்து காட்டுங்கள். இவற்றில் எதற்கும் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. நாளைக் காலை முதல் மணியிலேயே தொடங்கலாம்.