காலைச் சாப்பாடு முதல்நாள் மாலையில் தொடங்குகிறது

(கிளிநொச்சியில் தாய்மாரும் இளம் தொழிலாளரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டார்: "ரீச்சர், விடிய ஐந்தரைக்கு பஸ் பிடிக்கிற எனக்கு, நீங்கள் சொல்லப்போற சத்துச் சாப்பாட்டைச் சமைக்க எங்க நேரம் இருக்கு?" அவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். இருட்டில் போய் இருட்டில் வருகிறவர். அவருடைய கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் புரதம், விற்றமின் என்று நான் எவ்வளவு பேசினாலும் அது சுவரோடு பேசிய பேச்சாகவே முடியும். ஆகையால் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

விடியற்காலையில் நேரம் இல்லை என்பது உண்மை. அந்த நேரத்தை விடியற்காலையில் தேடுவதுதான் நாம் விடும் பிழை. ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடுகிறவருடைய காலைச் சாப்பாடு, முதல்நாள் மாலை விளக்கு வைத்த பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த அரைமணியில் ஒன்றும் நடக்காத வீட்டில், மறுநாள் பாணும் பால்தேநீரும் தவிர வேறெதுவும் நடக்க வழியில்லை.

இதை நான் என் உடம்பில் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இருபது வருடங்களுக்கு மேல் மனைப்பொருளியல் கற்பித்தவள் நான். கரும்பலகையில் சமநிலை உணவின் படத்தை வரைந்து, பிள்ளைகளை அதைக் கொப்பியில் வரையவைத்தவள். ஆனால் வவுனியாவில் பஸ் ஏறி ஏ9 வீதியால் பாடசாலைக்குப் போன அந்த வருடங்களில், என் காலைச் சாப்பாடு பஸ் நிலையத்தில் வாங்கிய ஒரு பணிசும் ஒரு பால்தேநீரும்தான். நாற்பது வயது தாண்டியதும் படி ஏறினால் மூச்சு வாங்கியது. காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போது கண் இருட்டியது. இரத்தத்தைச் சோதித்தபோது ஈமோகுளோபின் 9 என்று வந்தது. வளர்ந்த பெண்ணுக்கு, அவர் கர்ப்பிணியாக இல்லாவிட்டால், அது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். இரண்டு மாதம் தவறாமல் விழுங்கியும் பெரிய மாற்றம் இல்லை. ஒருநாள் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோது என் மேசையைப் பார்த்தார். மாத்திரை அட்டையும் பிளேன்ரீ கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "எதோட விழுங்கிறீங்கள் ரீச்சர்?" என்று கேட்டார். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. பாடம் நடத்துகிற எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பயறிலும் பருப்பிலும் மாத்திரையிலும் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. இரத்தத்துக்குள் போகவேண்டியது வீணாக வெளியேறிவிடுகிறது. தேசிக்காய், நெல்லி, கொய்யா, பப்பாசி இவற்றில் இருக்கும் விற்றமின் சி இதற்கு நேர்மாறாக வேலை செய்து, அதே இரும்பை உடம்பு இலகுவாக உறிஞ்சிக்கொள்ள உதவுகிறது. ஆகவே சாப்பிட்டுக் கை கழுவியவுடன் தேநீர் குடிக்கிற நம் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலே, கீரை வறையின் மேல் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டாலே, ஒரு சதமும் கூடச் செலவழிக்காமல் பெரிய நன்மை கிடைக்கும். பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே தொடங்குங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

தேநீரைத் தொட்டுவிட்டதால் சீனியையும் சொல்லிவிடுகிறேன். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். நம் வீடுகளில் கரண்டி மட்டமாக எடுபடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள் நிற்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையில் இருந்து வரும் கணக்கு. இந்த நிலையில், வெயிலில் வேலை செய்து வந்த களைப்புக்கு ஒரு சோடாப் போத்தலையும் உடைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்படுகிறது. சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது; 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் அது பதினொரு கரண்டிக்கும் மேல். தேநீரை உடனே விடச் சொல்லி நான் கேட்கவில்லை. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும், பிறகு ஒன்றாக்குங்கள்.

இனி அந்த மாலை அரைமணிக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய சோறு ஆறியபின் மண்சட்டியில் போட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைப்பா. விடிய அந்தத் தண்ணீரை வடித்து, சோற்றுக்குள் தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் இரவுச் சூடுகாட்டி வைத்த மீன்குழம்பும் விட்டுக் குழைப்பா. நாங்கள் ஐந்து பேரும் சுற்றி இருக்க, குழையலை உள்ளங்கையில் உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைப்பா. அந்த உருண்டையின் நடுவில் பெருவிரலால் ஒரு குழி அமத்தி, அதற்குள் கொஞ்சம் குழம்பு விடுவா. அது விரலிடுக்கால் முழங்கைவரை வழியும். அந்தச் சாப்பாட்டோடு அப்பா மத்தியானம்வரை வயலில் நின்றார். மாச்சத்தும் புரதமும் நொதித்த தயிரும் ஒன்றாகச் சேர்ந்த நிறைவான காலைச் சாப்பாடு அது என்பதைப் பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். விடிய அதற்கு அடுப்பு மூட்டத் தேவையில்லை. பத்து நிமிடமும் எடுக்காது. ஆனால் ஒன்று: சோற்றை மணிக்கணக்காக வெதுவெதுப்பாக வெளியில் கிடக்கவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆறியவுடன் ஊற்ற வேண்டும். வேறு மணம் வந்தாலோ நூல் விட்டாலோ கொட்டிவிட வேண்டும்.

பழஞ்சோறு பிடிக்காதவர்களுக்குப் பயறு இருக்கிறது, கௌபி இருக்கிறது, கடலை இருக்கிறது. மாலையில் ஊறப்போட்டால் விடிய அவிப்பது தேநீர் வைக்கிற வேலையைவிடக் கொஞ்சம்தான் கூட. 100 கிராம் காய்ந்த பயறில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஊறவைத்த பயறை இன்னும் ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டால், விற்றமின் சியும் உண்டாகி, இரும்பை உறிஞ்சத் தடையாக இருக்கும் பொருளும் குறைகிறது. கச்சானும் புரதம் உள்ளதுதான். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கச்சான் வாங்காமல் வீடு திரும்ப மாட்டோம். ஆனால் அது திருவிழாச் சாமானாகவே நின்றுவிட்டது. ஒரு கைப்பிடி அவித்த கச்சான் பஸ்ஸுக்குள் இருந்தே சாப்பிடக்கூடியது. அதில் ஒரு முட்டையில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட புரதம் உண்டு. பூஞ்சணம் பிடித்த கச்சான் பருப்பை மட்டும் ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள், அது ஈரலுக்குக் கேடு.

புட்டுக்கு மாவை முதல்நாளே அளந்து வைத்துவிடலாம். இங்கே ஒரு விடயத்தைக் கவலையோடு சொல்கிறேன். இடம்பெயர்ந்து அலைந்த காலங்களிலும், 2009 ஆம் ஆண்டு நலன்புரி நிலையங்களிலும், நமக்குக் கிடைத்த நிவாரணம் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. உயிரைக் காத்த உணவு அது. குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அன்று ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மார். வெள்ளை மாவின் ருசி நாவில் தங்கிவிட்டது என்பதே என் எண்ணம். ஒரே நாளில் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். புட்டு மாவில் பாதியளவுக்கு அவித்த கோதுமை மா போடுகிறவர்கள் அதைக் கால்வாசியாக்கி, சிவப்பரிசி மாவையும் குரக்கன் மாவையும் கூட்டுங்கள். கையளவு முருங்கை இலையையும் சேர்த்து அவியுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அது அதே அளவு பசுப்பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

முருங்கை இலையைப் பற்றி நான் இன்னும் பேச வேண்டும், ஏனென்றால் நம் வேலியிலேயே நிற்கும் மரம் அது. கண்ணுக்கும் இரத்தத்துக்கும் எலும்புக்கும் வேண்டியவற்றை ஒன்றாகத் தருகிற இலை அவ்வளவு மலிவாக வேறொன்று இல்லை. அதை ஆய நேரமில்லை என்பார்கள். மாலையில் கொத்தை முறித்து ஈரமில்லாமல் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். விடிய உதறினால் பாதி இலை தானாகவே உதிரும். வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, இலையைப் போட்டு இரண்டு பிரட்டு, கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. ஐந்து நிமிடம். கூடுதலாக நின்றால் கைக்கும், ஆகவே இறக்கிவிடுங்கள். சமைக்கவே முடியாத நாளில், வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் போன்ற இடங்களில் உள்ளூர்ச் சாப்பாடு வாங்குவது, றோல்ஸும் பற்றிஸும் வாங்குவதைவிட நூறு மடங்கு மேல்.

மத்தியானப் பார்சலுக்குச் சோறு கட்டும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, ஆவி பறக்கிற சோற்றை உடனே மூடிக் கட்டாதீர்கள். விடிய ஐந்து மணிக்கு மூடியது மத்தியானம் ஒரு மணிவரை வெதுவெதுப்பாகக் கிடந்தால் அதற்குள் கிருமி பெருகும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். பால்விட்ட கறி விரைவில் பழுதாகும் என்பதால் பிரட்டலோ பொரித்த நெத்தலியோ வையுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கிறது. இரண்டாவது, சோற்றின் அளவு. மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்தவருக்கு வேண்டிய சோறு, தையல் இயந்திரத்தின் முன்னும் மேசையின் முன்னும் முச்சக்கரவண்டியிலும் இருக்கிறவருக்கு வேண்டியதில்லை. நம் தொழில் மாறிவிட்டது, கோப்பை மாறவில்லை. சோற்று மலைக்குப் பக்கத்தில் கரையாகக் கறி வைக்கிற பழக்கத்தை மாற்றி, கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும், கால்வாசியை மீனுக்கோ முட்டைக்கோ பருப்புக்கோ, மிச்சக் கால்வாசியைச் சோற்றுக்கும் கொடுங்கள். சீனி வருத்தமும் பிரஷரும் முப்பது வயதிலேயே வருகிற வீடுகள் உங்களுக்குத் தெரியும். நான் பெயர் சொல்லத் தேவையில்லை. உப்பு, நாள் முழுவதற்கும் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். கருவாடு சமைக்கிற நாளில் கறிக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் உணவு பேச முடியாது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. கிணற்றுநீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் அதில் கரைந்திருக்கும் புளோரைட் அப்படியே இருக்கும். ஆகவே சுத்திகரிப்பு நிலையத்து நீர் கிடைக்கிற ஊரவர்கள் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள். வெயிலில் நிற்கிறவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கொரு தடவை குடியுங்கள். தொழிற்சாலையில் கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எண்ணி எனக்கு நித்திரை வருவதில்லை. மாலையில் நாரி உழைகிறது என்று கடையில் வலிக்குளிசை வாங்கி நாளாந்தம் விழுங்குவதும், உடம்பில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைத் தாக்கும். வைத்தியரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

வாசலில் கேட்ட அந்தத் தங்கச்சிக்குக் காட்ட இந்த மேசையில் ஒரு சட்டி இருக்கிறது. முந்தாநாள் மாலை ஆறு மணிக்கு நான் ஊறப்போட்ட ஒரு சுண்டு பயறு இது. நேற்று விடிய வடித்துத் துணியில் கட்டினேன். இப்போது பாருங்கள், முளை ஒரு நெல்லளவு வந்திருக்கிறது. கட்டுவதற்கும் தண்ணீர் தெளிப்பதற்கும் எனக்குச் செலவான நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடம் வராது. மண்டபத்தின் பின்பக்கத்தில் அடுப்பு எரிகிறது. இதை அரை அவியலாக இறக்கி, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு, தேசிக்காய் பிழிந்து எல்லோருக்கும் தரப்போகிறோம். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிளேன்ரீ, சங்கத்துத் தலைவி அம்மாவிடம் கேட்டுக்கொண்டபடி, அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும்.