ஸ்டட் உதறியது எதை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரராக இருந்து பிறகு கிறிஸ்தவ ஊழியத்துக்குப் போன சார்லஸ் ஸ்டட்டை மிஷனரியாக்கியதில் கிரிக்கெட்டுக்குப் பங்கு உண்டா என்பது கேள்வி. "இல்லை, மட்டையை உதறிய பிறகுதான் அவர் வாழ்வே தொடங்கியது" என்றார் எதிரணி நண்பர். எனக்கு அது ஒப்பவில்லை.

1882-ஐப் பாருங்கள். ஸ்டட் அப்போது 21 வயது கேம்பிரிட்ஜ் மாணவர். ஆஸ்திரேலிய அணிக்கு எதிராகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சதம், லண்டனின் எம்.சி.சி. என்ற கிரிக்கெட் கிளப்புக்கு இன்னொரு சதம். அப்புறம் ஆகஸ்டில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக லண்டன் ஓவல் மைதானத்தில் டெஸ்ட். இங்கிலாந்து ஜெயிக்க 85 ரன் போதும். விக்கெட்டுகள் சரிய, இவரைப் பத்தாவது ஆளாக இறக்கினார்கள். ஒரு பந்துகூட இவருக்கு வரவில்லை. எதிர்முனையில் கடைசி ஆளான பீட் போல்டு ஆனார். 7 ரன்னில் தோல்வி; இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். கையில் மட்டையோடு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்ற அந்த நிமிடங்கள் ஓர் இளைஞனுக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கும்!

மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கேப்டன். அண்ணன் ஜார்ஜ் சாகக் கிடந்தபோது, இந்தப் புகழெல்லாம் எதற்கு என்று அவர் மனம் கலங்கியது உண்மை. 1885-இல் 'கேம்பிரிட்ஜ் எழுவர்', அதாவது ஸ்டட் உட்பட ஏழு இளைஞர்கள், மிஷனரிகளாகச் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். புறப்படும் முன் எடின்பரோவில் மாணவர்கள் இவர் பேச்சைக் கேட்கத் திரண்டார்களே, யாருக்காக? பெயர் தெரியாத ஒரு போதகருக்காகவா? தாங்கள் கொண்டாடிய ஆட்டக்காரருக்காக ஐயா!

தந்தை வைத்துப்போன சொத்தில் தன் பங்கை, சுமார் 29,000 பவுண்டு, வாரிக் கொடுத்தாரே, அதைக் கிரிக்கெட் கற்றுத்தரவில்லை. சரி, அந்தப் புள்ளி எதிரணிக்கே.

ஆனால் நம் ஊட்டியை மறந்துவிட்டார்கள். 1900 முதல் 1906 வரை அங்கே யூனியன் சர்ச்சில் போதகராக இருந்தார் ஸ்டட். அங்கே மறுபடி மட்டையைத் தொட்டார். பிரசங்கத்துக்கு வராத சிப்பாய்களோடு ஆடினார், பழகினார். உதறிய பொருளை யாராவது இப்படி மறுபடி கையில் எடுப்பார்களா? பிற்காலத்தில் இளைஞர்களுக்கு அவரே சொன்னது இதுதான்: விளையாடுங்கள், கடவுளுக்கு நன்றி சொல்லி விளையாடுங்கள், எனக்கு ஆனதுபோல அது உங்களுக்கு விக்கிரகமாகிவிடக் கூடாது. அவர் உதறியது அந்த விக்கிரகத்தை, நடுவர் அவர்களே. ஆட்டத்தை அல்ல.