சித்திரை கழிவதற்குள் கேட்டுவிடுங்கள்: கிளிநொச்சியின் ஆறுமணிக்குருவி

(காட்சி: விடிவதற்கு முந்திய இருள். ஆற்றங்கரை மரங்களுக்குள்ளிருந்து இரண்டு சுரங்களில் ஒரு சீழ்க்கை ஒலி மட்டும் கேட்கிறது.)

இப்போது நீங்கள் கேட்ட சீழ்க்கை, மைனாவை விடச் சிறிய ஒரு பறவையின் குரலாகும். சித்திரை கழிவதற்குள் அந்தப் பறவை பெரும்பாலும் வன்னியை விட்டுப் புறப்பட்டுவிடும். மீண்டும் புரட்டாதி, ஐப்பசி வரும் வரை இந்தக் குரல் நமக்குக் கிடைக்காது.

வணக்கம். பெயரிலேயே கிளியை வைத்திருக்கும் கிளிநொச்சியில், பங்குனி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், நகருக்குக் கிழக்கே ஓடும் கனகராயன் ஆற்றின் கரையில் நடந்துகொண்டிருக்கிறோம். வவுனியாப் பக்கத்தில் தோன்றி, வடக்கே வந்து இரணைமடுக் குளத்தை நிரப்பி, பின்னர் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கும் ஆறு இது. அந்தக் கடல்நீரேரிப் பகுதி 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

(காட்சி: காலபோக அறுவடை முடிந்த வயல். கொக்குகளுக்கு நடுவே ஒரு நத்தைகுத்தி நாரை.)

இந்த நாரையின் அலகைச் சற்று உற்றுப் பாருங்கள். முழுவதும் மூடிய பிறகும் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது. குஞ்சாக இருக்கும்போது இல்லாத அந்த இடைவெளி, வளர வளரத்தான் உண்டாகிறது. ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் நத்தையை வெளியே இழுத்தெடுப்பதில் இந்தப் பறவைக்கு இணையில்லை.

ஆனாலும் இன்றைய நாயகன், மருதமரங்களின் அடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆறுமணிக்குருவி.

(காட்சி: சருகுகளுக்கிடையே தத்திச் செல்லும் பறவை.)

பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் மின்னும் நீலம், கண்ணுக்குக் குறுக்கே தீட்டிய மைபோல் ஒரு கறுப்புப் பட்டை. இத்தனை நிறங்களை அணிந்துகொண்டு ஒரு பறவை நிழலுக்குள்ளேயே வாழ்கிறது என்பது எனக்கு இன்றுவரை வியப்பாகவே இருக்கிறது. வால் மிகக் குட்டை. நாளின் பெரும்பகுதி நிலத்தில்தான் கழிகிறது. இதைப் பார்க்கும் எவரும் நெடுந்தூரம் பறக்கக்கூடிய பறவை என்று எண்ணமாட்டார்கள். எனினும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, மழைக்காலம் முடிந்ததும் இரவு இரவாகப் பறந்து, பாக்கு நீரிணையைக் கடந்து நம்மிடம் வருகிறது. இமயமலை அடிவாரத்திலிருந்து வன்னி வரையான தூரம் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகம். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீடுகளுக்குள் புகுந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் நாய் பூனை அணுகாமல், அமைதியான நிழலில் சற்று நேரம் விட்டுவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த செய்திக்கு வருகிறேன். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூவுவதால் இதற்குத் தமிழில் ஆறுமணிக்குருவி என்று பெயர். ஆனால் அந்தப் பறவைக்கு மணி தெரியாது. வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் கிளிநொச்சியில் சூரியன் உதிப்பதும் மறைவதும் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே நிகழ்கின்றன. ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு மேல் விலகுவதில்லை. இதே குருவி ஆனி மாதத்தில் இமயமலை அடிவாரத்தில் இருக்கும்போது, அங்கே சூரியன் ஐந்தேகால் மணியளவில் உதித்து, மாலை ஏழு மணிக்குப் பின்னரே மறைகிறது. அந்த ஊரில் நின்று ஒருவர் இதற்குப் பெயர் வைத்திருந்தால், ஆறு மணி என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது. பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் தென்திசை மண்ணில் வாழ்ந்தவர்களால் மட்டுமே இந்தப் பெயரைச் சூட்டியிருக்க முடியும். ஒரு குருவியின் பெயருக்குள் நம் நிலத்தின் வெளிச்சம் பதிந்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இதைக் கேட்பதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. ஐந்தரை மணிக்கு வந்து, பேசாமல் நில்லுங்கள். கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்க முயலாதீர்கள். நீண்ட பயணத்துக்காக இரை தேடி உடலைத் தேற்றிக்கொள்ளும் பறவையின் நேரத்தை அது வீணாக்குகிறது. புழக்கத்திலுள்ள பாதையை விட்டு விலகாதீர்கள்; மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் பக்கம் எந்தப் பறவைக்காகவும் போக வேண்டாம்.

(காட்சி: ஆற்றின் மேல் இளவெயில். சீழ்க்கை ஒருமுறை கேட்டு நிற்கிறது.)

உங்கள் வளவில் இந்தக் குரலைக் கடைசியாக எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதையும், உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ இதை வேறு பெயரால் அழைத்திருந்தால் அந்தப் பெயரையும் ஊர்ப் பெயருடன் கீழே எழுதுங்கள். வரும் ஐப்பசியில் அது திரும்பி வரும்போது, அந்தப் பெயர்கள் அனைத்தையும் இதே கரையில் நின்று வாசிக்கிறேன்.