லுக்லா: மேகம் விட்டாத்தான் விமானம்

[காட்சி: மலைச்சரிவுல ஓடுபாதை, பக்கவாட்டிலேர்ந்து]

இந்தப் படத்தை யாரும் சாய்ச்சு எடுக்கல. ஓடுபாதையே இப்படித்தான் சாஞ்சிருக்கு. நேபாளத்துல, எவரெஸ்ட் பக்கம் நடக்கப் போறவங்க பெரும்பாலும் வந்து இறங்குற லுக்லா இது. ஓடுபாதை நீளம் 527 மீட்டர். அதுக்குள்ள கீழ்க்கோடிக்கும் மேல்கோடிக்கும் கிட்டத்தட்ட 60 மீட்டர் உயர வித்தியாசம். கீழ்க்கோடியைத் தாண்டினா பள்ளத்தாக்கு. மேல்கோடியைத் தாண்டினா கல் சுவர், அதுக்குப் பின்னால மலை.

இதைக் காட்டிப் பயமுறுத்துற வீடியோ ஏகப்பட்டது இருக்கு. ஆனா அங்க போறவங்க முக்கால்வாசிப் பேரு மாட்டிக்கிறது வேற விஷயத்துல. விமானம் வராது. ஒரு நாள் வராது, ரெண்டு நாள் வராது. ஏன் வராதுன்னு புரிஞ்சுட்டா உங்க பயணத்தையே வேற மாதிரி திட்டம் போடுவீங்க. அதைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம்]

எவரெஸ்ட் ஏறின எட்மண்ட் ஹிலாரி, 1961ல கும்ஜுங் கிராமத்துல ஷெர்பா பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினாரு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி கட்டணும். தகரமும் சிமெண்ட்டும் ஆள் முதுகுல ஏறி நாள்கணக்கா நடந்து வரணும். அதனால ஒரு விமானத் தளம் தேவைப்பட்டுச்சு. முதல்ல அவர் தேடினது சமதரை. ஆனா அந்த மலையில சமமா இருக்கிற இடமெல்லாம் விளைநிலம். விவசாயிங்க கொடுக்க மனசு வரல, அதுவும் நியாயம்தான். கடைசியில கிடைச்சதுதான் லுக்லாவோட இந்தச் சரிவு. 1964ல வேலை நடந்துச்சு. மண்ணு பொதபொதன்னு இருந்ததால, ஷெர்பாக்கள் வரிசையா கைகோர்த்துக்கிட்டு காலை ஓங்கி மிதிச்சு நடனமாடியே தரையை இறுக்கினாங்கன்னு ஹிலாரியே சொல்லியிருக்காரு. 2001 வரைக்கும் அது வெறும் மண் பாதைதான், அப்புறம்தான் தார் போட்டாங்க. 2008ல டென்சிங்-ஹிலாரி விமான நிலையம்னு பேர் வச்சாங்க.

[காட்சி: ஓடுபாதையின் குறுக்குவெட்டு வரைபடம்]

இப்போ அந்தச் சரிவு என்ன செய்யுதுன்னு பாருங்க. இறங்குற விமானம் கீழேர்ந்து மேல்நோக்கி ஓடும், அதனால ஏத்தமே பாதி பிரேக். கிளம்புற விமானம் மேலேர்ந்து கீழ்நோக்கி ஓடும், இறக்கமே வேகம் கொடுக்கும். பெரிய ஜெட்டுக்கு 2, 3 கிலோமீட்டர் வேணுங்கிற வேலையை, 19 பேர் உட்கார்ற ட்வின் ஆட்டர் மாதிரிச் சின்ன விமானம் இங்க அரை கிலோமீட்டர்ல முடிக்குது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. லுக்லாவோட உயரம் 2,845 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான். மெலிஞ்ச காத்துல இறக்கை அதே அளவு தூக்கணும்னா விமானம் இன்னும் வேகமாப் போயாகணும், சுமாரா 15 சதவீதம். எஞ்சினுக்கும் மூச்சு கம்மி. ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்க்கிறது இதனாலதான்.

[காட்சி: காலை வெயில், பள்ளத்தாக்கிலிருந்து மேலே வரும் அம்புக்குறிகள்]

அடுத்தது காத்து. இதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு.

விடிஞ்சதும் வெயில் மலைச்சரிவைச் சூடாக்குது. சூடான காத்து மேல ஏறுது. அந்த இடத்துக்குப் பள்ளத்தாக்கு வழியா கீழேர்ந்து காத்து கிளம்பி வருது. நேரம் ஆக ஆக வேகம் கூடும். விமானம் எதிர்க்காத்துலதான் இறங்கணும், அப்போதான் வேகம் அடங்கும். ஆனா லுக்லாவுல இறங்குற விமானமும் பள்ளத்தாக்கு வழியாவே மேல்நோக்கி வருது, காத்தும் அதே திசை. அதாவது பின்னாலேர்ந்து தள்ளுற காத்து. வேற ஊரா இருந்தா எதிர்ப்பக்கம் சுத்தி வந்து இறங்கிடலாம். இங்க எதிர்ப்பக்கம் மலை.

கீழேர்ந்து வர்ற அந்தக் காத்துல ஈரமும் இருக்கும். மேல ஏறிக் குளிர்ந்ததும் அதுவே மேகமா மாறி ஓடுபாதையை மூடிடும். மேகத்துக்குள்ள கருவியை நம்பி இறங்குற வசதி இங்க இல்ல. பைலட் கண்ணால பார்த்துத்தான் இறங்கணும். கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டா மறுபடி மேல எழும்பி ஒரு சுத்து சுத்தி வர்றதுக்கும் இடம் கிடையாது. அதனால, இறங்கலாமா வேண்டாமாங்கிறதை அவர் முன்கூட்டியே முடிவு பண்ணியாகணும்.

2008 அக்டோபர் 8ஆம் தேதி, மூடுபனியில இறங்க வந்த ஒரு விமானம் ஓடுபாதைக்குக் கொஞ்சம் கீழ மோதிச்சு. உள்ள இருந்த 19 பேர்ல 18 பேர் இறந்துட்டாங்க. அதனால "இன்னிக்குப் பறக்கல"ன்னு கவுண்ட்டர்ல சொல்றவர்கிட்ட தயவு செஞ்சு சண்டை போடாதீங்க. அந்த முடிவுதான் உங்களைப் பத்திரமா வச்சிருக்கு.

[காட்சி: இரவு, ஜீப் வெளிச்சம், மலைப்பாதை]

காத்தும் மேகமும் மதியத்துக்குள்ள வழியை அடைச்சுடும்னா, பறக்க மிஞ்சுறது விடிகாலை மட்டும்தான். கூட்டம் அதிகமா இருக்கிற வசந்த காலத்துலயும் அக்டோபர், நவம்பர்லயும் நிறைய விமானம் காத்மாண்டுவை விட்டுட்டு ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலேர்ந்து கிளம்புறது இதனாலயும்தான். அங்கேர்ந்து லுக்லா 20 நிமிஷம். ஒரே காலையில பல தடவை போயிட்டு வந்துடலாம். ஆனா நீங்க காத்மாண்டுவுல ராத்திரி 1 மணிக்கோ 2 மணிக்கோ ஜீப் ஏறணும், நாலஞ்சு மணி நேரம். முதல் நாள் தூக்கம் போச்சுன்னே வச்சுக்கோங்க.

பை எடை பெரும்பாலும் 15 கிலோவுக்குள்ள, கைப்பையையும் சேர்த்து. கனமான பூட்ஸைக் கால்லயே போட்டுக்கோங்க. போகும்போது முடிஞ்சா இடது ஜன்னல் பக்கம் உட்காருங்க, பனிமலை வரிசை அந்தப் பக்கம்தான் தெரியும்.

லுக்லாவுல விமானம் நிக்கிற இடம் மொத்தமே நாலுதான். அதனால வந்த விமானம் நிமிஷக் கணக்குல திரும்பிடும். பல நேரம் ஒரு எஞ்சினை நிறுத்தவே மாட்டாங்க. இந்தப் பக்கம் ஆள் இறங்கி, பை இறங்கி, காத்திருக்கிறவங்க ஏறிட்டு இருப்பாங்க. அந்தப் பக்கம் விசிறி சுத்திக்கிட்டே இருக்கும். அப்போ ஊழியர் காட்டுற பக்கமாத்தான் நடக்கணும், போட்டோ எடுக்க விலகவே கூடாது.

[காட்சி: காத்திருக்கும் அறை, மூடுபனி தெரியும் ஜன்னல்]

திரும்பி வர்றதுதான் உண்மையான சோதனை. டிக்கெட்டுல போட்டிருக்கிற நேரத்தைப் பெருசா எடுத்துக்காதீங்க. அங்க கேட்கிற கேள்வியே "நீங்க முதல் ஃபிளைட்டா, ரெண்டாவது ஃபிளைட்டா?"ங்கிறதுதான். முதல் நாள் சாயந்திரமே லாட்ஜ்காரர்கிட்ட டிக்கெட்டைக் கொடுத்து உறுதி பண்ணிடுங்க. முடிஞ்சவரைக்கும் முதல் ஃபிளைட் கேளுங்க.

இது நிறையப் பேருக்குத் தெரியாது: உங்க விமானம் இன்னிக்கு ரத்தானா, நாளைக்கு வரிசையில நீங்க முன்னாடி நிக்க மாட்டீங்க. நாளைக்கு டிக்கெட் வச்சிருக்கிறவங்கதான் முதல்ல போவாங்க. அவங்க போன பிறகு காலி இடமோ கூடுதல் விமானமோ இருந்தாத்தான் உங்களுக்கு. மூணு நாள் பனி மூடினா மூணு நாள் கூட்டம் குமிஞ்சிடும். 2011 நவம்பர்ல அப்படித்தான் 2,000 பேருக்கு மேல அங்க சிக்கிக்கிட்டாங்க.

அதனால காத்மாண்டுவிலேர்ந்து ஊருக்குப் போற விமானத்துக்கும் லுக்லா விமானத்துக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு நாள் விடுங்க. என்னைக் கேட்டா மூணு. நேபாள ரூபாயை நோட்டா அதிகமாவே வச்சுக்கோங்க. மாத்திரை, சார்ஜர், கதகதப்பான ஒரு சட்டை, மூணும் கைப்பையிலயே இருக்கட்டும், ஏன்னா பெரிய பை அடுத்த விமானத்துல வரலாம். ஹெலிகாப்டர் இருக்கு, ஆனா விலை பல மடங்கு. அதுவும் அதே மேகத்தைத்தான் தாண்டி வரணும்.

ஒரு காலையில அந்த அறையில நானும் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் முழுக்க வெள்ளை. பக்கத்துல ஒரு ஷெர்பா பாட்டி ஜெபமாலை உருட்டிக்கிட்டே கண்ணாடியை ஒரு தடவை கூடப் பார்க்கல. எட்டு மணிக்கு எதிர்மலையோட விளிம்பு லேசாத் தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல சைரன் அடிச்சுது. விமானம் வருதுன்னு அர்த்தம். பாட்டி மாலையைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டு எழுந்தாங்க. நானும் பையை எடுத்தேன்.

[காட்சி: ஓடுபாதையின் மேல்கோடி, பைலட்டின் பின்னாலிருந்து]

மேல்கோடியில நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எஞ்சினை முழுசா முறுக்குறாங்க. மொத்த விமானமும் நடுங்குது. பிரேக்கை விட்டதும் மூக்கு கீழ்நோக்கி ஓடுது. தார் முடியுது, தரை கீழ போயிடுது, பள்ளத்தாக்கு விரியுது.