மேல ஏறின ஆல் வீல் டிரைவ் கார், இறங்கும்போது ஏன் நிக்கல?

(திரையில்: பனி மூடின சரிவு. ஒரு எஸ்யூவி வழுக்காம மேல ஏறுது.)

எவ்வளவு சுலபமா ஏறுது பாருங்க! நாலு சக்கரத்துக்கும் பவர் போகுது, ஓட்டுறவருக்கு ஒரே தெம்பு. இப்போ இதே கார் திரும்பி, அதே சரிவுல இறங்குது. நடுவுல பிரேக் மிதிச்சா எங்க போய் நிக்கும்? கணக்குப் போட்டே பார்த்துடுவோம். ஆல் வீல் டிரைவுக்குன்னு கூடுதலா காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு விடை பிடிக்காமப் போகலாம். எதுக்கும் உக்காந்து பாருங்க.

ஆல் வீல் டிரைவ்னா என்னன்னு சட்டுனு முடிச்சிடலாம். இன்ஜின் இழுவை முன் சக்கரத்துக்கும் போகும், பின் சக்கரத்துக்கும் போகும். சில கார்ல எப்பவும் அப்படித்தான். நிறைய கார்ல, முன் சக்கரம் வழுக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் ஒரு கிளட்ச் இறுகி பின்பக்கத்தையும் சேர்த்துக்கும். எலக்ட்ரிக் கார்ல முன்ன ஒரு மோட்டார், பின்ன ஒரு மோட்டார். அவ்வளவுதான்.

(திரையில்: சிவப்பு கார், நீலக் கார்.)

இனிதான் விஷயமே. சிவப்பு கார் ஆல் வீல் டிரைவ், ஆனா ஆல் சீசன் டயர். நீலக் கார் சாதாரண முன் சக்கர டிரைவ், ஆனா நாலும் வின்டர் டயர். டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடிமானத்தை, அதாவது உராய்வை, ஒரு எண்ணாச் சொல்லலாம்; எண் கூடினா பிடிமானமும் கூடும். காய்ஞ்ச தார் ரோட்டுல அது 0.8 பக்கம் இருக்கும். இறுகின பனில சிவப்புக்கு 0.2, நீலத்துக்கு 0.3னு வச்சுக்குவோம். டயருக்கு டயர், பனிக்குப் பனி இது மாறும். கணக்குக்கு இது போதும்.

முதல்ல ஏற்றம். சிவப்பு காரோட முழு எடையும் இழுக்குற சக்கரங்கள் மேல உக்காந்திருக்கு. அதனால 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயர்ற சரிவு வரைக்கும் ஏறிடும். நீலக் காருக்கு முன் சக்கரத்து மேல 60 சதவீத எடைதான் இருக்கு. 0.3-ஐ 0.6-ஆல பெருக்கினா 0.18, அதாவது 18 மீட்டர். ஏறும்போது எடை பின்னாடி சாயுறதால நிஜத்துல இன்னும் கொஞ்சம் குறையும். சிவப்பு ஜெயிச்சாச்சு, கை தட்டுங்க.

இப்போ இறக்கம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்குற சரிவு, ரெண்டு காரும் 50 கிலோமீட்டர் வேகம், ஒரே இடத்துல ரெண்டு பேரும் பிரேக் மிதிக்கிறாங்க. சரிவு காரைக் கீழ இழுக்குறதுக்கே 0.1 பிடிமானம் செலவாயிடும். சிவப்புக்கு மிச்சம் 0.1, நீலத்துக்கு மிச்சம் 0.2. டயர்ல வித்தியாசம் ஒன்றரை மடங்குதான், ஆனா மிச்சத்துல ரெண்டு மடங்கு! நீலக் கார் 49 மீட்டர்ல நின்னுடும். சிவப்பு நிக்க 98 மீட்டர் வேணும். நீலக் கார் நின்ன இடத்தை சிவப்பு கார் தாண்டும்போது அதுல இன்னும் 35 கிலோமீட்டர் வேகம் பாக்கி இருக்கும். வேணும்னா வீடியோவை நிறுத்திட்டு நீங்களே ஒருதரம் போட்டுப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது.

இதுல ஆல் வீல் டிரைவ் எங்க வந்துது? வரவே இல்லை. எந்தக் காரா இருந்தாலும் பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கும், ஸ்டியரிங் பேச்சைக் கேக்கும். இல்லாத பிடிமானத்தை அதாலயும் கொண்டுவர முடியாது.

இன்னொரு வம்பும் இருக்கு. ரெண்டு சக்கர டிரைவ் கார் கிளம்பும்போதே சக்கரம் சுத்தி, ரோடு மோசம்னு காட்டிக் கொடுத்துடும். ஆல் வீல் டிரைவ் அதை மறைச்சிடுது. நைஸா கிளம்பி, நைஸா வேகம் பிடிச்சு, முதல் வளைவுலதான் சேதி தெரியவரும்.

1986-ல ஆடி கம்பெனி, ஃபின்லாந்துல ஒரு ஸ்கீ ஜம்ப் சரிவுல குவாட்ரோங்கிற ஆல் வீல் டிரைவ் காரை ஏத்தி விளம்பரம் எடுத்தாங்க. 2005-ல ஆடி ஏ6 காரை மறுபடி ஏத்தினப்போ அதோட டயர்ல ஆணி பதிச்சிருந்துது. புகழ் எல்லாம் டிரைவுக்கு, உழைப்பு டயருக்கு!

(திரையில்: வின்டர் டயர், மிகக் கிட்டத்தில்.)

சரி, அந்த டயர்ல அப்படி என்ன இருக்கு? டயர் மேல துருத்திக்கிட்டு இருக்கிற ரப்பர் பட்டன் ஒண்ணைக் கட்டைவிரலால தள்ளிப் பாருங்க. கத்தியால கீறின மாதிரி நெளிநெளியா கோடுகள் விரியுதா? அதுக்குப் பேர் சைப். சக்கரம் உருளும்போது ஒவ்வொண்ணும் திறந்து, அதோட விளிம்பு பனியைக் கவ்வும். ரப்பரும் வேற. சம்மர் டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழ போனா விறைக்க ஆரம்பிக்கும், இது குளிர்லயும் நெகிழ்வாவே இருக்கும்.

வேடிக்கை என்னன்னா, பட்டன்களுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல பனி அடைச்சுக்கணும். சேறுல டயர் அடைச்சா வண்டி போச்சு; பனில அடைச்சாத்தான் பிடிக்கும். பனியை உள்ளங்கையில அமுக்கினா உருண்டையா ஒட்டிக்குதுல்ல? அதே மாதிரி டயர்ல அடைச்ச பனி ரோட்டுப் பனியோட ஒட்டுது. ரப்பரைவிட பனிக்குப் பனிதான் நல்லா ஒட்டும். டயரைத் துடைச்சுப் பளபளன்னு வச்சுக்கிறவங்க மன்னிக்கணும்.

வெறும் ஐஸ்னா கதையே வேற. மைனஸ் 20-ல இருக்கிற ஐஸைவிட பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஐஸ்தான் மோசம், ஏன்னா மேல ஈரம் படிஞ்சிருக்கும். அங்க ஆணி டயர்தான் கொஞ்சமாவது பேசும்.

வாங்கும்போது டயர் பக்கவாட்டுல மூணு சிகர மலை, அதுக்குள்ள பனித்துகள், இந்தச் சின்னம் இருக்கான்னு பாருங்க. வெறும் எம்+எஸ்னு (மட் + ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) இருந்தா அது பட்டன் வடிவத்தைப் பத்தி டயர் கம்பெனி சொல்லிக்கிறது, அதுக்குன்னு பனில சோதிக்கணும்னு கட்டாயம் இல்லை. மலைச் சின்னத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு: வட அமெரிக்கச் சோதனை கிளம்புற இழுவையை மட்டும்தான் அளக்குது, பிரேக்கை இல்லை. அதனால ஆல் சீசன் டயர்ல அந்தச் சின்னத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

ரெண்டு டயர் மட்டும் போட்டா பாதிச் செலவுன்னு நினைக்கிறவங்களுக்கு: முன்னாடி மட்டும் வின்டர் டயர் போட்டு இறக்கத்துல வளையும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டா, எடை முன்னாடி சாயும், பின்பக்கம் லேசாகும், அங்க பழைய டயர். பின்பக்கம் வழுக்கி கார் அப்படியே சுத்திடும். நாலும் போடுங்க. ஆல் வீல் டிரைவ்ல நாலும் ஒரே மாடலா, ஒரே தேய்மானமா இருக்கணும். இல்லன்னா சுற்றளவு மாறி நடுவுல இருக்கிற கிளட்ச் சதா உரசிச் சூடாகும்.

பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழ போனா மாத்திடுங்க. சட்டம் பல இடத்துல 1.6 வரைக்கும் விடும், ஆனா அந்த ஆழத்துல பனி அடைக்க இடமே இருக்காது. பக்கவாட்டுல சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தா அது முன்னோக்கி உருளணும், மெக்கானிக் அவசரத்துல மாத்தி மாட்டிடுவாரு. குளிர் ஒவ்வொரு 5, 6 டிகிரி இறங்கும்போதும் காத்து சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடியே பாருங்க. டயர் மாத்தின பிறகு 50லேர்ந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் சக்கர நட்டுகளை இன்னொருதரம் டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்) இறுக்கிடுங்க.

உங்க டயர்ல மலை இருக்கா, வெறும் எம்+எஸ் மட்டும்தானா? கீழ போய்ப் பார்த்துட்டு வந்து கமென்ட்ல போடுங்க. மலையே இல்லாத ஆல் வீல் டிரைவ் ஓனர்கள் எத்தனை பேர்னு எண்ணிடுவோம்.