சிம்னி சும்மா இருக்கும்போது ஏன் தட்டுகிறது?

[காட்சி: இருட்டான சமையலறை. மேடைக்கு மேல் சிம்னி, விளக்கு அணைந்திருக்கிறது. சத்தம் மட்டும்: டக்... டக்டக்... டக்.]

சுவிட்ச் அணைத்திருக்கிறது. அடுப்பும் எரியவில்லை. ஆனாலும் சிம்னிக்குள் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கேட்கிறதா?

இது வேலூர் சத்துவாச்சாரியில் என் பெரியம்மா வீடு. ஆடிக் காற்று ஆரம்பித்ததும் போன் செய்தார். "ராத்திரி பூரா யாரோ தகரத்தத் தட்ற மாதிரியே கீதுடா, பெருச்சாளி எதுனா பூந்துடுச்சோ?" என்றார். பழுது பார்க்க ஒருவர் வந்திருக்கிறார். ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும் என்று சொல்லிப் போய்விட்டாராம்.

அணைத்து வைத்த சிம்னியில், ஓடாத மோட்டார் எப்படிச் சத்தம் போடும்?

[காட்சி: சிம்னியின் உச்சி. எஃகு உறையைக் கழற்றியதும் தெரியும் வட்டமான வாய், அதற்குள் இரண்டு அரைநிலா மடல்கள்.]

சத்தம் போடுவது இதுதான். சிம்னியின் தலையில், புகைக்குழாய் பொருந்துகிற வாயில், இப்படி இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். டேம்பர் என்பார்கள், ஃபிளாப் என்பார்கள், கடையில் வால்வு என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். நான் மடல் என்றே சொல்கிறேன். சிம்னியைப் போட்டால் காற்று இரண்டையும் மேலே தள்ளித் திறக்கும். அணைத்தால் தன் எடையிலேயே விழுந்து மூடிக்கொள்ளும். சில மாடலில் உதவிக்குச் சின்ன ஸ்பிரிங் இருக்கும். வெளிக்காற்று, தூசி, கரப்பான் உள்ளே வராமல் தடுப்பதுதான் இதன் வேலை. குழாயே இல்லாமல், காற்றை வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகிற சிம்னி என்றால் இந்த வீடியோ உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது.

காற்று வெளிச்சுவரில் மோதும்போது மடலை அழுத்தி மூடும். அதே காற்று சுவரை ஒட்டி உரசிக்கொண்டு போகும்போது குழாய்க்குள் இருப்பதை உறிஞ்சும், மடல் லேசாக எழும்பும். அடுத்த கணம் விழும். எழும்பி விழும் ஒவ்வொரு தடவையும் ஒரு டக். காற்று விட்டுவிட்டு அடித்தால் டக்டக்.

[காட்சி: கையில் டார்ச், ஊதுபத்தி.]

சரி, எதையும் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் துப்பறிய வேண்டும். அணைத்திருக்கும்போது தட்டினால் மடல். ஓடும்போது மட்டும் தட்டினால், வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் வேகத்தில் படபடத்து, மூன்றாவது வேகத்தில் நின்றுவிட்டால் அதுவும் மடல்தான். காற்றின் தள்ளல் போதாமல் பாதி திறந்து ஆடுகிறது. எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி உறுமினால் அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஊதுபத்தி எதற்கு என்றால், பெரியம்மாவுக்குக் காற்று அடிக்காத ராத்திரியிலும் ஒருமுறை ஓங்கி ஒரு 'டப்' கேட்கிறதாம். அது குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்ட நேரம் என்று நாங்கள் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சிம்னியை அணைத்து, அடுப்பையும் மூடிவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியைச் சிம்னிக்கு ஒரு சாண் கீழே பிடித்தோம். எண்ணெய்ப் பிசுக்குள்ள ஃபில்டரைத் தொடும்படி பிடிக்காதீர்கள். மேலே ஏற வேண்டிய புகை, கீழே மடங்கி முகத்துக்கு வந்தது. அந்த ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது, அந்த இடத்தை நிரப்ப ஏதாவது ஒரு வழியாகக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எல்லாவற்றையும் சாத்திய வீட்டில் சிம்னிக் குழாய்தான் வழி. அந்த இழுப்பில் மடல் அடித்து மூடுகிறது. இதற்கு மருந்து ஸ்க்ரூ டிரைவரில் இல்லை, ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தால் போதும்.

இதையே திருப்பிப் போட்டும் யோசியுங்கள். சிம்னி ஓடும்போதும் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால் கட்டாயம். எல்லாம் சாத்திய வீட்டில் சிம்னி இழுக்கிற இழுப்பு, கீசரின் நச்சுப் புகையை வீட்டுக்குள் திருப்பிவிடக்கூடும்.

[காட்சி: பிளக்கைப் பிடுங்கும் கை. முன் உறையின் திருகுகள். அலுமினிய நெளிகுழாய்.]

இனி கழற்றலாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் எட்டவில்லை என்றால் மின்பலகையில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். அடுப்பு ஆறியிருக்கட்டும், மேடைமேல் பழைய செய்தித்தாளை விரியுங்கள். எஃகு உறையை ஒருவர் பிடிக்க, ஒருவர் திருக வேண்டும். அதன் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, அலுமினிய டேப்பைப் பிரித்தால் குழாய் மேலே எழும்பி வரும்.

[காட்சி: மடல் மிக அருகில். கறுத்த விளிம்பு.]

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இடது மடல் விரல் நுனி பட்டாலே எழுகிறது. வலது மடல் கீலில் இறுகி, பாதியில் நின்று, பிறகு 'சட்' என்று விழுகிறது. விளிம்பில் கறுப்பாக, தேன்போல் கெட்டியாக ஒரு படலம். தினம் தாளிக்கிற எண்ணெய் ஆவியாக ஏறிப் படிந்து, சூட்டிலும் காற்றிலும் இறுகி வார்னிஷ் மாதிரி ஆகிவிட்டது. பழக்கிய தோசைக்கல்லில் படிகிற கறுப்பும் இதே சமாச்சாரம்தான். தோசைக்கல்லுக்கு அது அழகு, மடலுக்குக் கேடு. ஒரு மடல் ஒட்டிக்கொண்டால் காற்று முழுவதும் மற்றொன்றின் வழியே போகும், அது படபடக்கும்.

கழுவுவது எப்படி? இந்த மடல் பிளாஸ்டிக். வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவும் போட்டு அரை மணி ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். உங்கள் வீட்டு மடல் அலுமினியம் என்றால் சோப்பு மட்டும் போதும். காஸ்டிக் சோடா கலந்த பொருட்களைக் கிட்டவே விடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். பெரியம்மா சீயக்காய்த் தூளைக் கொண்டு வந்து நீட்டினார். எண்ணெயை எடுப்பதில் சீயக்காயைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தூள் கீலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் மறுத்துவிட்டேன். அவருக்கு அதில் இன்னும் வருத்தம் இருக்கிறது.

காய்ந்த பிறகு கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நாம் சுரண்டி எடுத்ததே எண்ணெய்தானே! பென்சிலைக் கூராகச் சீவி, கீல் கம்பியில் நாலு தடவை தேயுங்கள். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் வழுவழுப்பைத் தரும், பிசுக்கை இழுக்காது.

[காட்சி: சிலிக்கான் குழாயிலிருந்து அரை மிளகு அளவில் ஒரு துளி, மடல் வந்து உட்காரும் விளிம்பில்.]

இனி சத்தம். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்மேல் விழுவதுதான் அந்த டக், நடுவில் ஒரு மெத்தை வேண்டும். லாங்கு பஜார் பக்கம் ஹார்டுவேர் கடையில் கதவு ஓரத்துக்கு ஒட்டும் ஸ்பாஞ்சு டேப்பைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார்கள். அது எண்ணெயைக் குடிக்கும், அடுப்புக்கு மேலே எண்ணெய் குடித்த ஸ்பாஞ்சு இருப்பது நல்லதில்லை. சிலிக்கான் சீலன்ட் வாங்குங்கள். மடல் வந்து உட்காரும் விளிம்பில், மடலுக்கு மூன்று துளி, ஒவ்வொன்றும் அரை மிளகு அளவு. அவ்வளவுதான். புளித்த வாடை வரும், பயப்பட வேண்டாம்.

முக்கியமான விஷயம்: இது காய 24 மணி நேரம் விடுங்கள். அதுவரை மடல் திறந்தே நிற்க வேண்டும். ஈரத் துளிமேல் மடல் விழுந்தால் ஒட்டிக்கொண்டுவிடும், அப்புறம் சிம்னி இருந்தும் இல்லாத மாதிரிதான். நான் இரண்டு மடலுக்கும் நடுவில் ஒரு துணி கிளிப்பை மாட்டினேன். மறுநாள் அதை எடுக்க மறந்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், புதுச் சிம்னியிலேயே வழியில் ஆடாமல் இருக்க மடலை டேப் போட்டு ஒட்டி அனுப்புவதுண்டு. அதைப் பிரிக்காமலே மாட்டிவிட்ட வீடுகள் இருக்கின்றன.

[காட்சி: வீட்டின் பின்சந்து. ஏணி. சுவரில் வெளிமூடி, மூன்று பலகைகளில் ஒன்று இல்லை.]

உள்ளே முடித்துவிட்டோம். வெளியே வந்து பார்த்தால் இன்னொரு குற்றவாளி. குழாய் சுவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் ஒரு மூடி இருக்கும், கௌல் கவர் என்று விற்பார்கள். இதில் தொங்கும் பலகைகள் மூன்று, இப்போது இருப்பது இரண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறிய ராத்திரி ஏதோ பறந்து விழுந்தது என்று பெரியம்மாவுக்கு நினைவிருக்கிறது. பின்சந்தை யார் பார்க்கிறார்கள்? அன்றிலிருந்து காற்று நேராக உள்மடலில் போய் மோதிக்கொண்டிருக்கிறது.

புது மூடியே வாங்கி மாட்டினேன். பழைய மூடி நன்றாக இருந்து, பலகை மட்டும் காற்றில் ஆடினால், ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பிலும் ஒரு சின்ன வாஷரைச் சிலிக்கானால் ஒட்டலாம். அந்த எடையில் சின்னக் காற்றுக்கு அசையாது. ஆனால் சிம்னியை முதல் வேகத்தில் போட்டால் பலகை தாராளமாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லையா, வாஷரைக் கழற்றி அதைவிடச் சிறியதைப் போடுங்கள். மாடி வீடாக இருந்தால் சன்ஷேடில் இறங்கி நின்று இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஆள் வைத்துச் செய்யுங்கள்.

இங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிம்னிக்கு 6 அங்குலக் குழாய். வீடு கட்டும்போது கொத்தனார் சுவரில் 4 அங்குல பிவிசி பைப்பைப் பதித்திருப்பார், பொருத்த வந்தவரும் குழாயை அதற்குள் சுருக்கிச் செருகியிருப்பார். ஆறுக்கும் நாலுக்கும் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்குப் போடுங்கள்: ஆறுக்கு 28 சதுர அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலுக்குப் பன்னிரண்டரை. பாதிக்கும் குறைவு! எதிர்த்து நிற்கும் அழுத்தத்தில் மடல் முழுதாகத் திறக்காமல் நடுங்கும், குறுகிய இடத்தில் காற்று விசிலடிக்கும். அப்படி இருந்தால் மடலை எவ்வளவு சீர் செய்தாலும் சத்தம் திரும்பி வரும். சுவரில் உள்ள துளையைப் பெரிதாக்குவதுதான் வழி. கொத்தனார் கூலி இருக்கிறது, ஆனால் புது மோட்டாருக்குக் கொடுப்பதைவிட உருப்படியான செலவு.

[காட்சி: குழாயை இழுத்து நீட்டும் கை. கிளாம்ப். புது அலுமினிய டேப்.]

திரும்ப மாட்டும்போது நெளிகுழாயை நன்றாக இழுத்து நீட்டி, மிஞ்சியதை வெட்டிவிடுங்கள். உள்ளே சுருண்டு கிடந்தால் ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும், எண்ணெயும் அங்கே தங்கும். குழாயை வாயோடு சேர்க்கத் திருகு போடுவதாக இருந்தால், அதன் முனை மடல் மேலே எழும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டேப்பும் கிளாம்பும் மட்டும் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மடலையே கழற்றி எறிந்தால் சத்தம் போய்விடும், உண்மைதான். கூடவே கரப்பானும், மழைக்காலத்தில் சாரலும், நம் ஊர் மே மாதத்து அனலும் நேரே அடுப்புக்கு மேல் இறங்கும். டேப் போட்டு ஒட்டி மூடுவது அதைவிட மோசம். புகை போக வழியில்லாமல் முகத்துக்கே திரும்பும், மோட்டார் வெறும் காற்றைக் கடைந்துகொண்டிருக்கும்.

[காட்சி: சிம்னியின் வாய்க்குக் கீழே ஒரு செய்தித்தாள் துண்டு. முதல் வேகம்.]

சோதனை. பிளக்கைச் செருகி, முதல் வேகம். ஃபில்டரில் செய்தித்தாள் துண்டை வைத்தால் கையை எடுத்த பிறகும் ஒட்டி நிற்கிறது. காற்று சரியாகப் போகிறது. அணைக்கிறேன். காது கொடுங்கள்.

[காட்சி: அமைதி. 'தப்' என்று மெல்லிய ஒற்றை ஒலி.]

அந்தத் 'தப்' மடல் சிலிக்கான்மேல் உட்கார்ந்த ஒலி, அது இருக்கத்தான் வேண்டும். பெரியம்மா மிளகாய் கிள்ளிப் போட்டு முள்ளுக் கத்திரிக்காய்க்குத் தாளித்தார், யாரும் தும்மவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், ஓடும்போது மட்டும் எல்லா வேகத்திலும் உறுமுகிறது என்றால், பிசுக்கு ஏறிச் சமநிலை தப்பிய காற்றுச் சக்கரமோ தேய்ந்த பேரிங்கோ காரணமாக இருக்கலாம். அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம், மடலைக் கழுவியாயிற்று, குழாய் ஆறு அங்குலம், அணைத்தால் சத்தமில்லை என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மோட்டாரை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னாலும், கழற்றிக் காட்டிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.